கயாக்கில் கடல்வழி பழகுவது: திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் யாராவது போகிறீர்களா?

உப்புக்காற்று
ஜூன் 19, இரவு 9.10

வணக்கம். திருவொற்றியூரில் இருக்கிறேன். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் முப்பது வயது வரை அதில் இறங்கியதில்லை. போன வருடம் கோவளம் பக்கம் ஒரு கயாக் (ஒடுக்கமான துடுப்புப் படகு) வகுப்பில் சேர்ந்தேன். நேராக ஓட்டுவேன், கவிழ்ந்தால் திரும்ப ஏறத் தெரியும். இப்போது சொந்தமாக ஒரு பழைய கயாக் வாங்கிவிட்டேன். 16 அடி, சுக்கான் இருக்கிறது, முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள் இருக்கின்றன.

வகுப்பில் துடுப்புப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். கடலைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரோ முன்னால் போனார்கள், நான் பின்னாலேயே போனேன். என் ஊர்க் கடலில் நானே வழி பார்த்துப் போக ஆசை. வெள்ளம், அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடல்மட்டத்தின் ஏற்றம், வற்றம் எங்கே பார்ப்பது? கடல் வரைபடம் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா? டிசம்பரில் எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை கடல் வழியாகப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நடக்கிற காரியமா?

கொற்றலை
ஜூன் 19, இரவு 10.45

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். டிசம்பரில் வேண்டாம். அது வாடைக் காலம், புயல் காலம். அது போக, எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. அலைத்தடுப்புச் சுவர்களைச் சுற்றி வெளியே போக வேண்டும், கப்பல் வாய்க்கால்களைக் குறுக்கே கடக்க வேண்டும். துறைமுக எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது. முதல் வருடத்துக் கனவாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. எங்கே கரை ஏறுவீர்கள்? காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி கல் கொட்டிய கரை. சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியதிலிருந்து தெற்கே இருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. மெரினா அகலமானது அதனால்தான், ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரித்ததும் அதனால்தான். அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். அந்தக் கல்லில் அலையோடு வந்து கயாக்கில் இறங்க முடியாது, கயாக்கும் உடையும் காலும் உடையும். அதனால் இந்தக் கரையில் நீங்கள் முதலில் வரைய வேண்டிய வரைபடம் மணல் இருக்கும் இடங்களின் வரைபடம். ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் போங்கள். எங்கெங்கே மணல், அது எத்தனை அடி அகலம், அலை அங்கே எப்படி விழுகிறது, இரண்டு மணல் திட்டுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். துடுப்பு அப்புறம்.

அடுத்தது காற்று. இது என் கதை, நடந்து நான்கு வருடம் ஆகிறது. ஜூலை மாதம், காலை 6 மணி. கடல் எண்ணெய் தடவியது போல் இருந்தது. கரையோரம் அலையே இல்லை. தனியாகக் கிழக்கே போனேன். முதுகில் மெல்ல மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, சுகமாக இருந்தது. அரை மணி நேரத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று சந்தோஷப்பட்டேன். தண்ணீர் குடிக்கத் துடுப்பை வைத்துவிட்டு, கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். துடுப்புப் போடாத அந்தப் பத்து நிமிடத்தில் 400 மீட்டர் கிழக்கே போயிருந்தேன். திரும்பினேன். அப்போதுதான் காற்று முகத்தில் அடித்தது. கரையோரம் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் அங்கே வெள்ளை நுரையோடு குத்திக் குத்தி வந்தது. ஒரு மணி நேரம் போட்டும் கரையின் தென்னை மரங்கள் பெரிதாகவில்லை. வலை இழுத்துவிட்டுத் திரும்பிய ஒரு ஃபைபர் படகு என்னைக் கட்டி இழுத்து வந்து விட்டது. அந்த அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "கச்சான்ல கரை அமைதியாத்தான் இருக்கும் தம்பி" என்றார். கச்சான் என்பது இந்த மேல்காற்றுதான்.

நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றுக்குக் கரையருகே அலை எழுப்ப இடம் கிடையாது. வெளியே போகப் போகத்தான் அலை வளரும். அதனால் கரையில் நின்று பார்ப்பவருக்கு நல்ல நாளாகத் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் நமக்கு இந்தக் காற்றுதான். பகலில் கடல்காற்று வந்து மாற்றும், ஆனால் மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அது வர மத்தியானம் இரண்டு, மூன்று மணிகூட ஆகும். நீங்கள் இப்போது, ஜூனில், தொடங்குகிறீர்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

பெரம்பூர்_துடுப்பு
ஜூன் 20, காலை 7.30

கொற்றலை அண்ணா சொல்வது சரிதான், ஆனால் புதிதாக வருபவரை இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? நான் இரண்டு வருடமாகப் போகிறேன். கரையிலிருந்து ஐம்பது, நூறு மீட்டருக்குள்ளேயே போவேன், கரையோடு ஒட்டியே திரும்புவேன். மேல்காற்று அடித்தாலும் என்னை எங்கே கொண்டு போய்விடும்? போனில் மேப் இருக்கிறது. கடல் வரைபடம், திசைகாட்டி எல்லாம் நூறு கிலோமீட்டர் போகிறவர்களுக்கு. கரையோரமாகவே போனால் போதும் என்பது என் கருத்து.

கொற்றலை
ஜூன் 20, காலை 8.15

எந்தக் கரை என்பதைப் பொறுத்தது. நீங்கள் நீலாங்கரை மணலைச் சொல்கிறீர்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். திருவொற்றியூர்க் கல்சுவருக்கு முன்னால் ஐம்பது மீட்டர் என்பது இருப்பதிலேயே மோசமான இடம். வரும் அலை கல்லில் மோதித் திரும்புகிறது. திரும்பும் அலையும் அடுத்து வரும் அலையும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் செங்குத்தாக எழும், எந்தப் பக்கம் சாய்வது என்றே தெரியாது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளை ஒட்டி உள்ளிருந்து வெளியே இழுப்பு இருக்கும். அங்கே கவிழ்ந்தால் திரும்ப ஏற இரண்டு நிமிடம் வேண்டும், கல்லுக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் போதும். கல் இருக்கும் இடத்தில் 300 மீட்டராவது வெளியே இருப்பேன், மணல் இருக்கும் இடத்தில் மட்டும் உள்ளே வருவேன். மேல்காற்று பலமாக இருந்தால் இறங்கவே மாட்டேன்.

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். அந்த ஜூலைக் காலையில் இதைச் சொல்ல எனக்கு யாரும் இல்லை.

நெட்டுக்குப்பத்தான்
ஜூன் 20, மாலை 6.40

நான் கயாக் ஓட்டுவதில்லை. அப்பா, தாத்தா இருவரும் எண்ணூர்க் கடலில் தொழில் செய்தவர்கள், நானும் பன்னிரண்டாவது முடிக்கும் வரை அவர்களோடு போனேன். இப்போது வேறு வேலை. இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

அக்கா, வெள்ளம் பார்க்க ஆப் எதுவும் வேண்டாம். தெற்கே இருந்து வடக்கே போகும் வெள்ளத்தை எங்கள் பக்கம் தெண்டி என்போம், வடக்கே இருந்து தெற்கே வருவது வன்னி. பொதுவாக மாசி, பங்குனியில் தெண்டி நன்றாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வன்னி இறங்கும், பலமாக இருக்கும். இந்த ஆனி, ஆடியில் நிலையாக இருக்காது, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று. அதனால் அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும். கரையிலிருந்தே பார்க்கலாம். வெளியே நங்கூரத்தில் நிற்கும் கப்பல்களைப் பாருங்கள். காற்று குறைவாக இருந்தால் கப்பல் வெள்ளத்துக்கு முகம் கொடுத்து நிற்கும். எல்லாக் கப்பலும் தெற்கே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றால் தெண்டி. காற்று பலமாக இருந்தால் கப்பல் காற்றைப் பார்த்து நிற்கும், அப்போது வலை மிதவையைப் பார்க்க வேண்டும். நண்டு வலைக்குக் கட்டிய கொடி எந்தப் பக்கம் சாய்கிறது, மிதவைக்குப் பின்னால் தண்ணீர் எந்தப் பக்கம் கோடு போடுகிறது என்று பாருங்கள்.

இன்னொரு வழி. குடித்து முடித்த இளநீரில் முக்கால்வாசி கடல் தண்ணீர் நிரப்பி, ஓட்டையை அடைத்து, அலை உடையும் இடத்துக்கு வெளியே போடச் சொல்லுங்கள். தண்ணீருக்கு மேலே கொஞ்சம்தான் தலை தெரிய வேண்டும், அப்போதுதான் காற்று அதைத் தள்ளாது. கரையில் நூறு மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள்.

வலை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அந்த 61 நாளும் லாஞ்சுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். இப்போது தடை முடிந்துவிட்டது, எல்லாம் வெளியே வரும். விடியற்காலையில் காசிமேட்டு வாயிலுக்கு முன்னால் போகவே போகாதீர்கள். ஃபைபர் படகுக்காரர்கள் போட்ட வலையின் மேல் சுக்கானை இறக்கிக்கொண்டு போகாதீர்கள். கொடி தெரிந்தால் சுக்கானைத் தூக்கிவிட்டுச் சுற்றிப் போங்கள். ஒரு வலை கிழிந்தால் அந்த வீட்டில் அந்த மாதம் கடன்.

இரண்டாம்_மேட்
ஜூன் 21, அதிகாலை 2.20

கப்பலில் இருந்து எழுதுகிறேன், காவல் முடிந்து இப்போதுதான் வந்தேன். என் வீடு தண்டையார்பேட்டை. சென்னைக்குள் கப்பல் கொண்டுவரும்போது மேலே நின்று இந்தக் கரையைப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து உங்கள் கயாக் தெரியாது. இதை மனதில் வையுங்கள். ரேடாரில் அலையின் இரைச்சலோடு கலந்துவிடுவீர்கள், கண்ணுக்கும் வெயிலில் ஒரு புள்ளி. 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல், வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். கயாக்கில் உட்கார்ந்தால் உங்கள் கண் தண்ணீருக்கு முக்கால் மீட்டருக்குச் சற்று மேலே. அந்த உயரத்திலிருந்து தொடுவானம் மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். கப்பலின் மேல்பாகம் அதற்கு அப்பாலேயே தெரியும் என்றாலும், தூரத்தைக் கண் தப்பாகத்தான் கணிக்கும். கப்பல் வாய்க்கால் பக்கமே வேண்டாம்.

வரைபடம் கேட்டீர்கள். டேராடூனில் இருக்கும் தேசிய நீரியல் அலுவலகம்தான் இந்தியக் கடல் வரைபடங்களை வெளியிடுகிறது, அவர்களுடைய விற்பனை முகவர்களிடம் வாங்கலாம். ஏற்ற வற்ற அட்டவணையை சர்வே ஆஃப் இந்தியா வெளியிடுகிறது. வரைபடத்தில் கடல்மேல் போட்டிருக்கும் எண்கள் ஆழம், மீட்டரில். அது வற்றத்தின் அடிமட்டத்திலிருந்து கணக்கிட்டது, அதனால் பெரும்பாலான நேரம் அதைவிட அதிகத் தண்ணீர் இருக்கும். வழிகாட்டும் மிதவைகளின் நிறத்துக்கு நம் நாட்டில் ஐ.ஏ.எல்.ஏ. ஏ என்ற சர்வதேச முறை. கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கப்பலின் இடம், உங்களுடையது அல்ல. ஓரத்தில் கடல் மைல் அளவு தனியாகத் தேட வேண்டாம். அட்சரேகை அளவில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர்.

திசைகாட்டியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் சென்னையில் இரண்டு பாகைகூட வித்தியாசம் இல்லை. கயாக்கில் அதை மறந்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், நம் கரை நேர் வடக்காக ஓடவில்லை, கிழக்கே ஏறத்தாழ 15 பாகை சாய்ந்திருக்கிறது. கரைக்கு நேர் எதிரே போகிறோம் என்று நினைத்தால் நீங்கள் போவது கிழக்குக்குச் சற்றுத் தெற்கே.

இப்போது கணக்கு. நீங்கள் சாவகாசமாகப் போட்டால் 3 நாட் வேகம் வரும் என்று வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து ஒரு கடல் மைல் வெளியே போக 20 நிமிடம். வெள்ளம் 1 நாட் வேகத்தில் வடக்கே போகிறது. அந்த 20 நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளியிருக்கும். திரும்பி வர இன்னொரு 20 நிமிடம், இன்னொரு 600 மீட்டர். புறப்பட்ட மணலிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளிக் கரை சேர்வீர்கள். கொற்றலை சொன்ன கல் அங்கே இருக்கும். இதைத் தவிர்க்க மூக்கை வெள்ளத்துக்கு எதிராகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். 3 நாட் வேகத்துக்கு 1 நாட் வெள்ளம் என்றால் 20 பாகை திருப்பினால் போதும். அப்போது வேகம் சற்றுக் குறையும், ஒரு மைலுக்கு 21 நிமிடம் ஆகும், அவ்வளவுதான். வீட்டில் கிராஃப் தாளில் அம்பு வரைந்து இதைப் பத்து முறை போட்டுப் பாருங்கள். கடலில் யோசிக்க நேரம் கிடைக்காது.

குமரிக்கரை
ஜூன் 21, காலை 9.05

20 பாகை என்று சார் சொன்னது சரி. ஆனால் வெள்ளம் 1 நாட் என்று முதலிலேயே யார் சொல்வது? அதற்கு எங்கள் குமரிப் பக்கத்தில் பழைய வழி ஒன்று உண்டு, கணியம் என்போம். கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பது. முன்னால் ஒரு தென்னை, பின்னால் தூரத்தில் ஒரு மலை முகடோ கோவில் கோபுரமோ சர்ச்சுக் கூம்போ. வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பாறை இருக்கும், மீன் இருக்கும். அப்பாக்கள் மகன்களுக்கு அப்படித்தான் கடலுக்கு அடியில் இருக்கும் பாறையைக் காட்டிக் கொடுத்தார்கள்.

உங்கள் ஊரில் மலை கிடையாது. ஆனால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் இருக்கின்றன, செல்போன் டவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கின்றன. வெளியே போய்க் கரையைப் பார்த்து நில்லுங்கள். கரையோரத்தில் ஒன்று, அதற்குப் பின்னால் நல்ல தூரத்தில் ஒன்று, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பை நிறுத்துங்கள். முன்னால் இருப்பது இடப்பக்கம் நகர்ந்தால் நீங்கள் வலப்பக்கம் போகிறீர்கள், அதாவது வடக்கே. திரும்பக் கோட்டுக்கு வர முன்குறி போன பக்கமே போக வேண்டும். கரைக்கு வரும்போது இரண்டும் பிரியாமல் வைத்துக்கொண்டே வந்தால், எத்தனை பாகை திருப்புவது என்ற கணக்கை உங்கள் கை தானாகவே போட்டுவிடும். மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், படகு வேறு பக்கம் போகும். முதல் நாள் விநோதமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

இன்னொன்று. காற்றே இல்லாத நாளில் பெரிய அலை வரும், எங்கள் பக்கம் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே அடித்த புயலின் அலை. வெளியே மிதக்கும்போது தெரியவே தெரியாது, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். கரைக்கு வந்ததும் ஆள் உயரத்துக்கு எழுந்து உடையும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி என்று பாருங்கள். 15 விநாடிக்கு மேல் இருந்தால் கரையேறுவது கடினம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று
ஜூன் 21, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன், நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏற்ற வற்றம் பற்றி ஒரு சந்தேகம். கடற்கரையில் பார்த்தால் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. நமக்கு அது முக்கியமா? பழகுவதற்கு எண்ணூர்க் கழிமுகம் நல்ல இடம் என்று ஒருவர் சொன்னார், அங்கே அலை இல்லையாமே.

கொற்றலை
ஜூன் 21, இரவு 9.20

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். பௌர்ணமி, அமாவாசையில்கூட உயர வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான், அஷ்டமி, நவமியில் அதில் பாதிகூட இருக்காது. திறந்த கடலில் அதனால் பெரிய பாதிப்பு இல்லை. கழிமுகத்தில் கதை வேறு. உள்ளே அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு, வெளியே போக ஒரு குறுகிய வாய். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் ஆறு மணி நேரம் சொச்சம் என்றால், முதல் மணியில் தண்ணீர் மெல்ல நகரும், மூன்றாவது, நான்காவது மணியில்தான் ஓட்டம் உச்சம். அந்த நேரம் வாயில் மாட்டினால் 3 நாட் வேகத்தில் போட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

வற்றம் வெளியே ஓடும்போது எதிரே கடல்காற்று அடித்தால், வாயில் இருக்கும் மணல் திட்டின்மேல் அலை குட்டையாக, செங்குத்தாக உடையும். உள்ளே நின்று பார்த்தால் அந்த அலையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. அதனால் சின்னதாகத் தோன்றும். அந்தத் திட்டு ஒவ்வொரு பெருமழைக்கும் இடம் மாறும், வரைபடத்தை நம்பாதீர்கள். உள்ளே பழகலாம், வாயைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம் தண்ணீரின் தரம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள்ளேயே எண்ணெய் பரவியது. அனல்மின் நிலையச் சாம்பல் படிவும் உண்டு. எனக்கு அங்கே கவிழ்ந்து பழக மனம் வராது. பயிற்சிக்கு வேறு இடம் பார்ப்பது நல்லது என்பேன்.

நெட்டுக்குப்பத்தான்
ஜூன் 21, இரவு 11.15

கொற்றலை அண்ணா சொன்னதில் பொய் இல்லை. அந்த டிசம்பரில் எங்கள் ஊர் ஆட்கள் பக்கெட்டிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளினார்கள், அலையாத்தி மரங்களின் தண்டில் கறுப்புக் கோடு ஒரே உயரத்தில் நின்றது. ஆனாலும் கழிமுகத்துக்கு வராதே என்று சொல்வது எனக்கு வலிக்கிறது. இன்றைக்கும் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்து, வாயில் கவ்விய பறிக்கூடையில் போடுகிறார்கள். அந்த இடத்தைத் தெரியாமல் எண்ணூர்க் கடலைத் தெரிந்துகொண்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காடு வரை படகு போன காலத்தைத் தாத்தா சொல்லியிருக்கிறார், உப்பும் விறகும் ஏற்றிப் போவார்களாம். அக்கா கேட்ட பழவேற்காட்டு வழி அதுதான், கடல் அல்ல. இப்போது குழாயும் சாம்பலும் மேடும் குறுக்கே கிடக்கின்றன.

வாருங்கள். காட்டுக்குப்பம் பக்கத்தில் இறங்குங்கள், செருப்பு இல்லாமல் காலை வைக்காதீர்கள், அடியில் ஆளி ஓடு கிழிக்கும். உடம்பில் காயம் இருந்தால் இறங்க வேண்டாம். போனதும் நன்னீரில் குளியுங்கள். சுத்தமான தண்ணீர் தேடி எல்லோரும் தெற்கே போய்விட்டால் இந்தத் தண்ணீரைப் பார்க்க யார் இருப்பார்கள்?

கொற்றலை
ஜூன் 22, காலை 6.50

தம்பி, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு நாள் என்னையும் உள்ளே அழைத்துப் போங்கள்.

பெரம்பூர்_துடுப்பு
ஜூன் 22, காலை 10.10

கல்லில் மோதித் திரும்பும் அலை பற்றிப் படித்த பிறகு நேற்று எர்ணாவூரில் கரையில் நின்று பார்த்தேன். இரண்டு அலை சந்திக்கும் இடம் நன்றாகவே தெரிகிறது, தண்ணீர் துள்ளுகிறது. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஒரு கேள்வி: ஆபத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? வெளிநாட்டு வீடியோக்களில் செயற்கைக்கோள் கருவி வைத்திருக்கிறார்களே.

இரண்டாம்_மேட்
ஜூன் 22, இரவு 11.40

செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவிகளோடு விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் முன் விசாரியுங்கள். கரையோரத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்கும். தண்ணீர் புகாத உறையில் போட்டு லைஃப் ஜாக்கெட்டில் கட்டுங்கள், கயாக்கில் கட்டாதீர்கள், கயாக் உங்களைவிட்டுப் போய்விடும். கடலோரக் காவல் படையின் எண் 1554. விசில், சின்னக் கண்ணாடி. நம் தண்ணீரில் குளிர் ஆளைக் கொல்லாது, வெயில் கொல்லும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வையுங்கள்.

கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எங்கிருந்து, எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவேன், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரை அழைக்க வேண்டும். துறைமுகத்தில் எந்த எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தாலும், 1-ஆம் எண்ணாக இருந்தாலும், கயாக் வீட்டிலேயே இருக்கட்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் பழவேற்காட்டுப் பக்கக் கடலுக்குப் போகக் கூடாது, அறிவிப்பு முன்னாடியே வரும்.

உப்புக்காற்று
ஜூலை 13, மாலை 4.25

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் இரண்டு வாரம் கயாக்கைத் தொடவில்லை. காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் கரைக்குப் போனேன். காற்று எந்தப் பக்கம், நங்கூரக் கப்பல்கள் எந்தப் பக்கம், அலைக்கு எத்தனை விநாடி, மூன்றும் நோட்டில் இருக்கின்றன. 14 நாட்களில் காலைக்காற்று 11 நாள் மேற்கிலிருந்து. கப்பல்கள் 8 நாள் தெற்கே பார்த்தன, 3 நாள் வடக்கே, மீதி நாள் காற்றைப் பார்த்து நின்றன. இளநீர் மூன்று முறை போட்டேன், கட்டுமரத்தில் போன ஒரு தாத்தாதான் வெளியே கொண்டு போய்ப் போட்டுக் கொடுத்தார். நூறு மீட்டரை ஒரு நாள் 5 நிமிடத்தில் கடந்தது, ஒரு நாள் 9 நிமிடம். ஒரு நாள் நகரவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது.

மணல் இடங்களையும் வரைந்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து எண்ணூர் வரை நான் இறங்க நம்பும் இடம் நான்குதான். பத்து வருடமாக பஸ்ஸில் அந்தச் சாலையில் போகிறேன், கரை இப்படி என்று கண்ணில் பட்டதே இல்லை.

முந்தாநாள் முதல்முறை இறங்கினேன். காலையில் மேல்காற்று இருந்ததால் போகவில்லை. மத்தியானம் இரண்டரைக்குக் கடல்காற்று திரும்பியதும் மூன்றரைக்குப் போனேன், அண்ணன் கரையில் நின்றான். அரை கிலோமீட்டர்தான். தண்ணீர்த் தொட்டியையும் பின்னால் ஒரு செல்போன் டவரையும் குறியாக வைத்தேன். துடுப்பை நிறுத்தினேன். எதுவும் நடக்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம் டவர் தொட்டிக்குப் பின்னாலிருந்து வலப்பக்கமாக மெல்ல வெளியே வந்தது. கீழே தண்ணீர் அசையாதது போல் இருந்தது, ஆனால் நான் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். என் உடம்புக்குத் தெரியவே இல்லை, டவர்தான் சொன்னது. மூக்கைத் தெற்கே திருப்பி இரண்டையும் மறுபடி சேர்த்துப் பிடித்துக்கொண்டே கரைக்கு வந்தேன். புறப்பட்ட இடத்துக்குப் பத்தடி தள்ளி மணலில் ஏறினேன்.

குமரிக்கரை
ஜூலை 13, மாலை 5.50

அருமை. அந்தக் கணியத்துக்கு ஒரு பெயர் வைத்து நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்தது கரையோரம் தெற்கே பார்த்து இன்னொரு ஜோடி தேடுங்கள். அப்போதுதான் எவ்வளவு தூரம் வெளியே இருக்கிறீர்கள் என்பதும் தெரியும்.

கொற்றலை
ஜூலை 13, இரவு 8.05

நோட்டின் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துப் போட முடியுமா? இந்தக் கரைக்கு இப்படி ஒரு குறிப்பு யாரிடமும் இல்லை. வரும் ஞாயிறு நெட்டுக்குப்பத்தான் தம்பி கழிமுகத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அமாவாசைப் பக்கம் என்பதால் ஓட்டம் பலமாக இருக்கும், தண்ணீர் திரும்பும் நேரத்துக்கு அரை மணி முன்னால் அங்கே இருக்க வேண்டும். கடலில் ஏற்றம் உச்சத்துக்கு வந்து சற்று நேரம் கழித்துத்தான் உள்ளே திரும்பும், எவ்வளவு நேரம் என்பதை அன்றைக்கு நின்று பார்த்துக் குறிப்போம். வருகிறீர்களா?

உப்புக்காற்று
ஜூலை 13, இரவு 8.20

வருகிறேன் அண்ணா. இளநீர் இரண்டு எடுத்து வருகிறேன்.

நெட்டுக்குப்பத்தான்
ஜூலை 13, இரவு 9.00

செருப்பு மறக்காதீர்கள் அக்கா, பின்னால் வார் இருக்கிற மாதிரி.